ஜப்பானிய மரப்பலகை அச்சுப் படங்கள் சேகரிப்பது எப்படி: தாளைப் படிக்கத் தெரிந்தால் போதும்

டோக்கியோவில் ஜிம்போச்சோ என்றால் பழைய புத்தகக் கடைகள். அந்தத் தெருவில் ஒரு கடையில்தான் என் முதல் ஜப்பானிய அச்சுப் படத்தை வாங்கினேன். குனிசடா என்ற ஓவியர் வரைந்த, கபுகி நாடக நடிகர் ஒருவரின் படம், விலை 6,000 யென். நான் நடிகரின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைக்காரரோ தாளை இரண்டு கையாலும் எடுத்து, முதலில் பின்பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்புறம் ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்து, நடிகரின் கழுத்துப்பட்டையைக் காட்டினார். நேராகப் பார்த்தபோது வெறும் வெள்ளையாக இருந்த அந்த இடத்தில், சாய்ந்த வெளிச்சத்தில் பூ வேலைப்பாடு புடைத்துக்கொண்டு தெரிந்தது. மை எதுவும் தொடாமல், பலகையில் தாளை அழுத்தியே எடுத்த வேலை அது. அதற்கு கராசுரி என்று பெயர்.

ஒரு படம் நமக்குப் பிடித்திருக்கிறதா என்பது பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிடும். அந்தத் தாள் எப்போது அச்சானது, எத்தனை கை மாறியது, எதை இழந்தது என்பதைப் படிக்கத்தான் பழக வேண்டும். டோக்கியோவில் இருந்த ஆறு ஆண்டுகளிலும், அதற்குப் பிறகு சென்னையிலும் நான் பழகிக்கொண்டதை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: எப்படிச் செய்தார்கள் என்று தெரிந்துகொள்ளுங்கள்

இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள். பின்னால் வரும் எல்லாமே இதில்தான் நிற்கிறது.

இந்த வகைப் படங்களுக்கு உக்கியோ-எ என்று பெயர். 'மிதக்கும் உலகின் படங்கள்' என்று பொருள். எடோ காலத்தில் (1603–1868) நாடகக் கொட்டகை, கேளிக்கைப் பேட்டை, அழகிகள், மல்யுத்த வீரர்கள், பயணக் காட்சிகள் என்று நகரத்து மக்கள் ரசித்ததையெல்லாம் அச்சிட்டு விற்றார்கள். இன்று கண்ணாடிப் பேழைக்குள் இருந்தாலும், அன்று சாதாரண ஜனங்கள் வாங்கிச் சுவரில் ஒட்டிய பொருள்தான்.

ஒரு படத்துக்குப் பின்னால் நான்கு தரப்பு இருக்கும். பணம் போடும் பதிப்பாளர், ஓவியர், செதுக்குபவர், அச்சிடுபவர். ஓவியர் மெல்லிய தாளில் கோட்டோவியம் தருவார். அதைச் செர்ரி மரப் பலகையில் குப்புற ஒட்டி, தாளோடு சேர்த்தே செதுக்கிவிடுவார்கள். அதாவது மூல ஓவியம் அப்போதே அழிந்துவிடும். ஆகவே 'ஒரிஜினல் எங்கே இருக்கிறது' என்று தேட வேண்டாம். அச்சாகி வந்த ஒவ்வொரு தாளும் ஒரிஜினல்தான்.

கோடுகளுக்கு ஒரு பலகை, ஒவ்வொரு நிறத்துக்கும் தனித்தனிப் பலகை. நிறங்கள் இடம் மாறாமல் விழுவதற்காகப் பலகையில் இரண்டு வெட்டுகள் இருக்கும், மூலையில் ஒன்று, ஓரத்தில் ஒன்று. இதற்கு கென்டோ என்று பெயர். மை தடவிய பலகைமேல், கோஸோ என்னும் மல்பெரி வகை நாரில் செய்த வாஷி தாளை வைத்து, பாரென் என்ற வட்டத் தேய்ப்பானால் பின்பக்கம் அழுத்தித் தேய்ப்பார்கள். வானம் மேலே கருநீலமாகத் தொடங்கிக் கீழே வெள்ளையில் கரைகிறது இல்லையா, அந்த பொகாஷி என்ற சாயல் முழுக்க அச்சிடுபவரின் கைவேலை. ஒரே பலகையில் எடுத்த இரண்டு தாள்கள் ஒன்றுபோல இருக்காததற்கு இதுதான் காரணம்.

படி 2: எந்தக் காலம், எந்த ஓவியர் என்று குறுக்கிக்கொள்ளுங்கள்

எல்லாவற்றையும் சேகரிக்க நினைத்தால் எதுவும் சேராது. எனக்குத் தெரிந்த நல்ல சேகரிப்புகள் எல்லாம் குறுகலானவை. மழைக் காட்சிகள் மட்டும், பூனைகள் மட்டும், ஒரே நாடகத்தின் நடிகர்கள் மட்டும் என்று சேர்ப்பவர்கள் இருக்கிறார்கள்.

வரலாற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1765-இல் சுசுகி ஹருனோபுவின் காலத்தில் பல வண்ண அச்சு நிலைபெற்றது. 1790-களில் உட்டமாரோவின் பெண் முகங்கள். 1794–95-இல் மாதக்கணக்கில் மட்டும் வெளிவந்து நின்றுபோன ஷராக்குவின் நடிகர் முகங்கள். 1830-களில் ஹொக்குசாயின் ஃபூஜி மலைத் தொடர். பெயர் '36 காட்சிகள்' என்றாலும், விற்பனை நன்றாகப் போனதால் மேலும் 10 சேர்த்து மொத்தம் 46 படங்கள். அடுத்து ஹிரோஷிகெயின் டோக்காய்டோ சாலைப் படங்கள். குனியோஷி, குனிசடா. எடோவுக்கு அடுத்து வந்த மெய்ஜி காலத்தில் (1868–1912) யோஷிடோஷி. 1885-இல் தொடங்கி 1892-இல் அவர் இறக்கும்வரை வெளிவந்த 'நிலவின் நூறு தோற்றங்கள்' தொடர்தான் அந்த மரபின் கடைசிப் பெரும் படைப்பு என்பேன்.

இருபதாம் நூற்றாண்டில் வாட்டனாபே ஷோசாபுரோ என்ற பதிப்பாளர் அதே நான்கு தரப்பு முறையை மீட்டு, ஷின்-ஹாங்கா என்ற புதிய அச்சு இயக்கத்தை நடத்தினார். ஓவியர் கவாசே ஹசுயியின் பனி, மழைக் காட்சிகள் அதில் வந்தவை. 1923 செப்டம்பர் 1-ஆம் தேதி டோக்கியோ நிலநடுக்கத்தில் மூண்ட தீயில் வாட்டனாபேயின் பலகைகளும் இருப்பும் எரிந்துபோயின. அதனால்தான் நிலநடுக்கத்துக்கு முந்தைய ஹசுயி தாளுக்கு அத்தனை மதிப்பு.

பணம் குறைவாக இருந்தால் குனிசடாவின் நடிகர் படங்களில் தொடங்குங்கள். அவர் வரைந்தது ஏராளம், இன்றும் நிறையக் கிடைக்கிறது. மூன்று தாள் சேர்ந்து ஒரு காட்சியாக வரும் படங்களில் ஒரு தாள் மட்டும் தனியாக வந்தால் விலை இன்னும் குறையும். நான் முதலில் வாங்கியதும் அப்படிப்பட்ட இடப்பக்கத் தாள்தான் என்று பிறகு தெரிந்தது. மற்ற இரண்டையும் இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். மறுமுனையில், ஹொக்குசாயின் 'பேரலை' 2023 மார்ச்சில் நியூயார்க் ஏலத்தில் 27 லட்சம் டாலருக்கு மேல் போனது.

படி 3: வாங்குவதற்கு முன் ஆறு மாதம் பாருங்கள்

ஹராஜூக்குவில் உள்ள ஓட்டா நினைவு அருங்காட்சியகம் உக்கியோ-எவுக்கென்றே இருப்பது. சிறிய இடம், படத்துக்கு மிக அருகில் நிற்கலாம். சுமிடாவில் ஹொக்குசாய் அருங்காட்சியகம் இருக்கிறது. டோக்கியோ தேசிய அருங்காட்சியகத்தில் மட்சுகாட்டா திரட்டு இருக்கிறது. பாரிஸ் நகை வணிகர் ஆன்றி வெவரிடமிருந்து 1920 வாக்கில் மொத்தமாக வாங்கப்பட்டு நாடு திரும்பிய, சுமார் 8,000 படங்கள் கொண்ட திரட்டு அது.

ஊரில் இருந்தபடியே பார்க்க, பல அருங்காட்சியகங்களின் படங்களை ஒன்றாகத் தேடித் தரும் உக்கியோ-எ டாட் ஆர்க் தளம் இருக்கிறது. நீங்கள் எடுத்த புகைப்படத்தை ஏற்றினால், அதே படம் வேறு எங்கெல்லாம் இருக்கிறது என்று காட்டும். ஒரே படத்தின் ஐந்தாறு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் வானத்தில் பொகாஷி இருக்கும், இன்னொன்றில் தட்டையான நீலம். ஒன்றில் கோடு மயிரிழை போல ஓடும், இன்னொன்றில் தடித்து உடைந்திருக்கும். இப்படி ஒரு நூறு படம் ஒப்பிட்டுவிட்டால், கடையில் நிற்கும்போது கண் தானாகவே அந்த இடங்களுக்குப் போகும்.

படி 4: கையில் இருப்பது எந்த வகை அச்சு?

இதுதான் சேகரிப்பின் மையம். நான்கு வகைகளைப் பிரித்தறிய வேண்டும்.

முதல் வகை ஷோசுரி, அதாவது தொடக்க அச்சு. பலகை புதிது, கோடு கூர்மை, அச்சிடுபவர் நேரம் எடுத்துக்கொண்டு செய்தது. இரண்டாவது அட்டோசுரி. அதே பலகைதான், ஆனால் தேய்ந்த பிறகு எடுத்தது. நிறங்கள் குறைந்திருக்கும், சிரமமான பொகாஷி விடுபட்டிருக்கும். 'பேரலை'யில் தலைப்பு எழுதிய கட்டத்தின் இடப்பக்கக் கோட்டைப் பாருங்கள். தொடக்கத் தாள்களில் முழுதாக இருக்கும் அந்தக் கோடு பிந்தையவற்றில் உடைந்திருக்கும். ஹிரோஷிகெயின் ஷோனோ ஊர் மழைக் காட்சியில் ஒரு குடை வருகிறது. தொடக்க அச்சில் அந்தக் குடைமேல் பதிப்பாளர் பெயரும் தொடரின் பெயரும் எழுதியிருக்கும், பின்னால் வந்தவற்றில் இருக்காது.

மூன்றாவது ஃபுக்கோக்கு. பழைய படத்தைப் பார்த்துப் புதிதாகப் பலகை செதுக்கி, கையாலேயே அச்சிட்டது. இதை மட்டமாக நினைக்காதீர்கள். 1928-இல் தொடங்கிய அடாச்சி நிறுவனம் இன்றும் இப்படி அருமையாகச் செய்கிறது. ஹொக்குசாயின் நிறங்கள் புதிதில் எப்படி இருந்திருக்கும் என்று காண இது நல்ல வழி. நேர்மையாக ஃபுக்கோக்கு என்று சொல்லி விற்றால் தாராளமாக வாங்கலாம். பழையது என்று சொல்லி விற்கும்போதுதான் ஆபத்து.

நான்காவது இயந்திர அச்சு. பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள். ஒழுங்கான புள்ளிகளாகத் தெரிந்தால் அது ஆஃப்செட், பேச்சே இல்லை. மரப்பலகை அச்சில் புள்ளி இருக்காது. நிறம் நாருக்குள் இறங்கியிருக்கும், சில இடங்களில் மரத்தின் ரேகைகூடத் தெரியும்.

இனி, தாளைத் திருப்புங்கள். பின்பக்கத்தில் நிறம் கசிந்து வந்திருக்க வேண்டும். சாய்ந்த வெளிச்சத்தில் வளைவளைவான தேய்ப்புத் தடங்கள் தெரிந்தால், அது பாரென் ஓடிய வழி. இருநூறு ஆண்டுகளுக்கு முன் ஒருவர் தோள் வலிக்கத் தேய்த்த சுழற்சி அப்படியே நிற்கிறது. எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு அந்த இடத்தில் மனம் நின்றுவிடும்.

படி 5: முத்திரைகளைப் படியுங்கள்

ஜப்பானிய மொழி தெரியாவிட்டாலும் பத்து இருபது எழுத்துருக்களை அடையாளம் காணப் பழகினால் போதும். ஓவியர் பெயருக்குக் கீழே 'கா' அல்லது 'ஹிட்சு' என்று வரும். 'வரைந்தது', 'தூரிகை' என்று பொருள். பதிப்பாளருக்குத் தனிக் குறி உண்டு. இவை தவிர, அரசுத் தணிக்கை முத்திரை காலத்தைச் சொல்லிவிடும்.

1791 முதல் 1842 வரை 'கிவாமே' என்ற வட்ட முத்திரை. 1842 முதல் 1853 வரை தணிக்கை அதிகாரியின் பெயர் முத்திரை, தொடக்கத்தில் ஒன்று, 1847-க்குப் பிறகு இரண்டு. அதற்கடுத்து 'அராட்டாமே' என்ற முத்திரையும், எலி, எருது, புலி என்று ஆண்டு விலங்கைக் காட்டும் தேதி முத்திரையும் வருகின்றன. 1859 முதல் 1871 வரை இரண்டும் ஒரே முத்திரைக்குள் சேர்ந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை. மறுசெதுக்கல் செய்பவர் முத்திரையையும் சேர்த்தே செதுக்குவார். ஆகவே முத்திரை சொல்வது வடிவமைப்பின் காலத்தை மட்டும்தான். தாளின் காலத்தைத் தாள்தான் சொல்லும்.

ஷின்-ஹாங்காவில் கணக்கு வேறு. ஹசுயி படங்களில் வாட்டனாபே நிறுவன முத்திரையின் வடிவத்தையும் அளவையும் வைத்து எந்த ஆண்டுகளில் அச்சானது என்று கணிக்கிறார்கள். அந்த நிறுவனம் பழைய படங்களை இன்றும் அச்சிட்டு விற்கிறது. இதே காலத்து இன்னோர் ஓவியரான யோஷிடா ஹிரோஷியின் படங்களில் ஓரத்தில் 'ஜிசுரி' முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். அவர் கண்காணிப்பில் அச்சானது என்று அதற்கு அர்த்தம். பென்சில் கையெழுத்தும் இருந்தால் நல்லது. அவர் இறந்த பிறகு எடுத்தவற்றில் ஜிசுரி இருக்காது.

படி 6: நிலைமையைச் சோதியுங்கள்

சோதிக்கும்போது நான் போகும் வரிசை இது: ஓரம், நிறம், மடிப்பு, துளை, பின்புறம்.

ஓரத்தை வெட்டியிருக்கிறார்களா? எடோ காலத்துப் பெரிய அளவான ஓபான் சுமார் 39 க்கு 26 செ.மீ. அளந்து பாருங்கள். ஆல்பத்தில் ஒட்டுவதற்காக வெட்டியவை நிறைய. படத்துக்குள்ளேயே வெட்டு விழுந்திருந்தால் விலை பாதிக்கும் கீழே இறங்க வேண்டும்.

நிறம் வெளுத்திருக்கிறதா? பதினெட்டாம் நூற்றாண்டில் பூவிலிருந்து எடுத்த நீலமும், குசும்பாப் பூவின் சிவப்பும் வெளிச்சத்துக்குத் தாங்காது. ஊதா பழுப்பாகும், நீலம் வைக்கோல் நிறமாகும். 1830 வாக்கில் வந்த பிரஷ்யன் நீலம் உறுதியானது. அதனால்தான் ஹிரோஷிகெயின் கடல் இன்னும் கடலாக இருக்கிறது. பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்துக்கு 1921-இல் ஸ்பால்டிங் சகோதரர்கள் சுமார் 6,500 படங்களைக் கொடுத்தபோது, ஒருநாளும் காட்சிக்கு வைக்கக் கூடாது என்று நிபந்தனை போட்டார்கள். அந்தத் தாள்களில் ஊதா இன்றும் ஊதாவாகவே இருக்கிறது.

நிறம் மிகப் பளிச்சென்று இருந்தாலும் சந்தேகப்படுங்கள். கட்டடக் கலைஞர் ஃபிராங்க் லாயிட் ரைட் பெரிய சேகரிப்பாளர், விற்பனையும் செய்தவர். வெளுத்த பழைய தாள்கள்மீது புதிதாகச் செதுக்கிய பலகையால் மறுபடி நிறமேற்றிய படங்கள் அவர் கைக்கும் வந்து, அவர் வழியாக மற்றவர்களுக்கும் போயின. அத்தனை பார்த்த கண்ணே ஏமாந்திருக்கிறது.

நான் ஏமாந்த கதையும் உண்டு. இணைய ஏலத்தில் ஒரு யோஷிடோஷி. முன்பக்கப் புகைப்படம் பிரமாதம், பின்பக்கப் படம் இல்லை. கேட்கவும் தோன்றவில்லை. வந்து பார்த்தால், தடித்த அட்டையில் முழுப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். பாரென் தடமும் இல்லை, கசிவும் தெரியவில்லை, பிரித்தெடுக்கவும் வழியில்லை. அன்றிலிருந்து பின்பக்கப் படம் இல்லாமல் எதையும் வாங்குவதில்லை.

படி 7: எங்கே வாங்குவது, என்ன கேட்பது

முதல் சில படங்களைக் கடையில் வாங்குங்கள். ஜிம்போச்சோவில் 1882-இல் தொடங்கிய ஓயா ஷோபோ இருக்கிறது, ஹாரா ஷோபோ இருக்கிறது. விலை ஏலத்தைவிடக் கூடுதல்தான், ஆனால் கேட்கும் கேள்விக்கெல்லாம் பதிலும் சேர்த்துக் கிடைக்கிறது. எடுத்துக் காட்டச் சொல்லத் தயங்க வேண்டாம். கையைத் துடைத்துக்கொண்டு, தாளை எதிரெதிர் மூலைகளில் இரு கையாலும் பிடியுங்கள்.

இணைய ஏலங்களில் வரும் சில சொற்கள் தெரிந்திருக்க வேண்டும். 'உராஉச்சி' என்றால் பின்னால் தாள் ஒட்டியது. 'முஷிகுய்' பூச்சி அரித்தது. 'ஷிமி' கறை. விற்பவரிடம் நான்கு கேள்வி கேளுங்கள்: அளவு என்ன, உராஉச்சி உண்டா, ஓரம் வெட்டியதா, பின்பக்கப் படம் அனுப்ப முடியுமா. நான்காவதுக்குச் சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

படி 8: ஓவியச் சுருள்களுக்கு வந்தால்

கையால் வரைந்த உக்கியோ-எ ஓவியத்தை நிக்குஹிட்சு என்பார்கள். பெரும்பாலும் கக்கெஜிக்கு என்ற தொங்கு சுருளாக இருக்கும். அச்சுப் படத்தில் ஒப்பிட வேறு தாள்கள் உண்டு. ஓவியம் ஒன்றே ஒன்றுதான், ஒப்பிட எதுவும் இல்லை. அதனால் போலி அதிகம். 1934-இல் ஷுன்போஆன் என்ற திரட்டு ஏலத்துக்கு வந்தது. ஷராக்குவின் ஓவியங்கள் உட்பட அரிய சுருள்கள் என்று அறிஞர்களே சான்று கொடுத்தார்கள். எல்லாம் போலி என்று வெளிவந்தபோது ஜப்பானியக் கலை உலகமே ஆடிப்போனது.

எனவே என் கருத்து: அச்சுப் படத்தில் ஐந்தாறு ஆண்டு பழகாமல் பெரிய பெயருள்ள சுருளைத் தொடாதீர்கள். பெயர் தெரியாத ஓவியர் வரைந்த மூங்கிலோ குருவியோ கோடு பிடித்திருந்தால் வாங்குங்கள், விலையும் எட்டும். 'ஷின்சாக்கு' என்றால் அசல் என்று விற்பவர் உறுதி சொல்கிறார். 'மோஷா' நகல். 'கோகெய்' அச்சடித்த சுருள். ஓவியரே எழுதிக் கையெழுத்திட்ட தோமோபாக்கோ மரப்பெட்டி கூட வந்தால் மதிப்பு ஏறும். ஆனால் பெட்டி ஒன்று, உள்ளே சுருள் இன்னொன்று என்று மாற்றி வைப்பதும் நடக்கிறது.

படி 9: வீட்டுக்குக் கொண்டுவந்து பாதுகாப்பது

ஜப்பானில் தேசியப் பொக்கிஷமாகவோ முக்கியப் பண்பாட்டுச் சொத்தாகவோ அறிவிக்கப்பட்டவற்றை வெளியே கொண்டுவர முடியாது. நாம் வாங்கும் அளவில் அது பிரச்சினையாக வராது. இந்தியப் பக்கம்தான் ஒன்று கவனிக்க வேண்டும். 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி 100 ஆண்டு கடந்த கலைப்பொருளை நாட்டிலிருந்து வெளியே கொண்டுபோவது எளிதல்ல. வெளிநாட்டில் குடியிருப்பவர்கள் ஊருக்கு எடுத்துவருமுன் இதை யோசித்துக்கொள்ளுங்கள். ரசீதைப் பத்திரமாக வையுங்கள்.

அப்புறம் சென்னை ஈரப்பதம். தாளுக்கு வெயிலும் ஈரமும் ராமபாணப் பூச்சியும் எதிரிகள். ஒவ்வொரு தாளையும் அமிலமற்ற உறையில் போட்டு, படுக்கை வாக்கில் பெட்டியில் வைத்திருக்கிறேன். பெட்டி இருப்பது வீட்டின் நடு அறையில், வெளிச்சுவரை ஒட்டாமல். சிலிக்கா ஜெல் பொட்டலத்தை நிறம் மாறியதும் மாற்றுவேன். செல்லோ டேப், பசை, லாமினேஷன் எதுவும் கிட்டே வரக் கூடாது. சட்டம் போட்டு மாட்டுவதானால் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் கண்ணாடி, தாள் கண்ணாடியைத் தொடாதபடி மவுண்ட், வெயில் விழாத சுவர். இரண்டு மாதத்துக்கு மேல் ஒரே படத்தை மாட்டி வைப்பதில்லை, இறக்கிவிட்டு வேறொன்று. சுருளை ஜப்பானியர்கள் பருவத்துக்கு ஏற்ப மாற்றுவதுபோலவே.

வருடத்துக்கு ஒருமுறை, காற்று உலர்ந்த நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்துப் பார்க்க வேண்டும். ஜப்பானில் இதற்கு முஷிபோஷி என்று பெயர். சென்னையில் எனக்கு மாசி மாதம் சரியாக இருக்கிறது. ஒவ்வொரு தாளுக்கும் ஓர் அட்டை எழுதுங்கள்: ஓவியர், தொடர், பதிப்பாளர், முத்திரை, அளவு, எங்கே, எப்போது, என்ன விலைக்கு வாங்கினீர்கள், என்ன குறை.

என் அட்டைகளில் ஒன்று இன்னும் காலியாக இருக்கிறது. யோஷிடா ஹிரோஷி 1930-இன் இறுதியில் மகனோடு இந்தியா வந்து ஊர் ஊராகச் சுற்றி, திரும்பிப் போய் இந்தியா – தென்கிழக்கு ஆசியத் தொடரை வெளியிட்டார். தாஜ்மஹால், காசி, உதயபூர் எல்லாம் உண்டு, நம் மதுரைக் கோயிலும் உண்டு. அந்த மதுரைத் தாள் ஒருமுறை என் விலைக்குள் வந்தது. நிறம் அப்படியே இருந்தது, பின்பக்கம் சுத்தம். ஆனால் சட்டம் போட்டு மாட்டுவதற்காக ஓரத்தை யாரோ வெட்டியிருந்தார்கள், ஜிசுரி இருந்ததா இல்லையா என்றே சொல்ல முடியவில்லை. வெகுநேரம் கையில் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தேன். ஓரத்தோடு ஒன்று வரும்வரை அந்த அட்டை காலியாகவே இருக்கட்டும்.